கறுத்த மர அடுக்களைக்கு வெளிர் நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குழித்துறைக்காரன். தொழில் பாலிஷ் வேலை; பெயிண்ட் அடிப்பது அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், தக்கலை, அந்தப் பக்கம் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இருபது வருஷமாக ஊரார் அடுக்களைகளுக்குள் நுழைந்து வருகிறேன். முன்பெல்லாம் "நல்லா கறுப்பா, மின்னுற மாதிரி போட்டுத் தாங்க" என்றவர்கள், இப்போது அதே கதவைத் தட்டிக் காட்டி "இத வெளுப்பாக்க முடியுமா?" என்கிறார்கள். போனில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதி வைத்துவிட்டேன்.

அடுக்களை ஒரே இருட்டு. அலமாரிக் கதவுகளுக்கு வெள்ளை அடித்தால் வெளிச்சம் வருமா?

வரும். ஆனால் டின் வாங்கப் போவதற்கு முன்னால், அந்தக் கறுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மூன்று இடத்தில் இருக்கலாம். மேலே படிந்த புகையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் இருக்கலாம். பழைய பாலிஷில் இருக்கலாம். அல்லது மரத்திலேயே இருக்கலாம். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் முதல் இரண்டும்தான்.

பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. தேங்காயெண்ணெயில் ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் சிப்ஸ்) பொரித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற குடும்பம். அடுப்புக்கு மேலே இருந்த நாலு கதவும் தார் பூசினாற்போல இருந்தன. சேச்சி வெள்ளைப் பெயிண்டே வாங்கி வைத்துவிட்டார். நான் ஒரு கதவின் பாதியை மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் பாத்திர சோப்பிலும் துடைத்தேன். மூன்றாவது துணி மாற்றும்போது தேன் நிறத்தில் தேக்கு தெரிந்தது. கழுவிய பாதியையும் கழுவாத பாதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அய்யோ, இது நம்ம கதவா?" என்றார். பெயிண்ட் டின் உடையாமல் கடைக்கே திரும்பிப் போனது. எனக்கு ஒரு நாள் கூலிதான் கிடைத்தது. போகட்டும்.

இன்னொன்று. நம் ஊர் வீடுகளில் மழைக்காகக் கூரையை நீட்டி இறக்கியிருப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே வாழையோ பலாவோ நிற்கும். வெளிச்சமே உள்ளே வராத அடுக்களையில் வெள்ளைக் கதவு சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அலமாரிக்கு அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கறுப்பு பாலிஷில் இருக்கிறதா, மரத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கதவைக் கழற்றி, கீல் பதிந்திருந்த குழியைப் பாருங்கள். பாலிஷும் புகையும் எட்டாத இடம் அது. அங்கே மரம் வெளிறித் தெரிந்தால் கறுப்பு மேலேதான் இருக்கிறது.

அடுத்து, பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் (எரிசாராயம்) தொட்டு, கதவின் உள்பக்க ஓரத்தில் ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்கு பாலிஷ்; பழைய வீடுகளில் அதுதான் அதிகம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் மெலமைனோ, பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சோ, பழைய வார்னிஷோ.

அரக்கு பாலிஷ் என்றால் உங்களுக்கு நல்ல காலம். ஸ்பிரிட்டாலேயே கழற்றிவிடலாம். கழற்றியபின் வரும் மரத்தின் நிறம் பிடித்திருந்தால் நிறமில்லாத பாலிஷ் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம். பாலிஷ்காரன் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெயிண்ட் அடித்தால் எனக்குக் கூலி இரண்டு மடங்கு.

எங்கள் கதவு என்ன மரம் என்றே தெரியவில்லை. அது முக்கியமா?

ரொம்ப முக்கியம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பூமி. எல்லைக்கோடு மாறினாலும் மரம் மாறவில்லை. இரண்டு பக்கமும் அதே தேக்கு, அதே பலா, அதே அயினி. நாம் அயினி என்பதைக் கேரளத்தார் ஆஞ்ஞிலி என்பார்கள், பலாவைப் பிலாவு என்பார்கள், அவ்வளவுதான்.

பலாவும் அயினியும் ஒரே குடும்பம். புதிதாக அறுக்கும்போது இரண்டும் மஞ்சளாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு வருஷக்கணக்கில் செம்பழுப்பாகக் கறுக்கும். உப்புத்தாள் போட்டால் மறுபடி மஞ்சள் தெரியும். பாலிஷ் மட்டும் போட்டு விட்டால் சில வருஷத்தில் திரும்பவும் கறுக்கத் தொடங்கும். ஆக, மரமே கறுக்கிற சாதி இது. வெளிர் நிறம்தான் வேண்டும் என்றால் பெயிண்ட் இங்கேதான் நியாயம். ஆனால் தொல்லையும் இங்கேதான் அதிகம். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

தேக்கு எண்ணெய் கொண்ட மரம். அடிப்பூச்சான பிரைமர் பூசுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் பிடிப்பு சரியாக வராது. ரப்பர் மரமாக இருந்தால் முதலில் வண்டு துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஊசிக்குத்து போல ஓட்டையும் கீழே மாவு போலப் பொடியும் கண்டால் மருந்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஈட்டி மரம் (ரோஸ்வுட்) என்றால் பெயிண்ட் அடிக்க என்னைக் கூப்பிடாதீர்கள்.

வெள்ளை அடித்த ஒரே வாரத்தில் மஞ்சள் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. பெயிண்ட் போலியா?

பெயிண்டில் குறை இருக்காது. இந்தத் தப்பை நானே செய்து, சொந்தக் காசைக் கொடுத்துச் சரிசெய்திருக்கிறேன்.

என் அக்கா வீடு. பதினொரு பலாக் கதவுகள். வாடை வேண்டாம் என்று வாட்டர் பேஸ் பிரைமர் இரண்டு கோட், மேலே வாட்டர் பேஸ் வெள்ளை. முதல் நாள் சாயங்காலம் பார்த்தால் பால்போல இருந்தது. மறுநாள் காலையில் மரத்தில் முடிச்சு (கணு) இருந்த இடங்களில் மங்கலாக ஒரு நிழல். மூன்றாம் நாள் மஞ்சள் வட்டம். வெள்ளையை எடுத்து இன்னொரு கோட் கொடுத்தேன், அதிலும் ஊறி வந்தது. இன்னொன்று கொடுத்தேன், அதிலும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தான்தான் காப்பி டம்ளரோடு வந்து நின்று, "என்ன மக்கா, பால்ல மஞ்சப்பொடி விழுந்தாப்புல இருக்கு?" என்றார்.

நடந்தது இதுதான். பலாவிலும் அயினியிலும் சாயம் இருக்கிறது. பர்மாவிலும் இலங்கையிலும் புத்த பிக்குகளின் காவி உடைக்குச் சாயம் ஏற்றியது பலாமரத் தூளைக் கொதிக்க வைத்துத்தான். அந்தச் சாயமும் மரத்தின் துவர்ப்பும் தண்ணீரில் கரையும். தண்ணீர் கலந்த பிரைமரைப் பூசினால் அது மரத்துக்குள் இறங்கி, காயும்போது சாயத்தையும் மேலே இழுத்துக்கொண்டு வரும். எத்தனை கோட் அடித்தாலும் ஒவ்வொன்றும் தண்ணீர்தானே, மறுபடி கரைத்துக் கொண்டுவரும். முடிச்சு இருக்கும் இடத்தில் இன்னும் மோசம்.

அதற்கு மருந்து அரக்கு. ஆமாம், பழைய பாலிஷில் இருக்கிற அதே அரக்கு, மரக்கிளையில் பூச்சி கட்டுகிற பிசின். அது ஸ்பிரிட்டில் கரைவது; தண்ணீரில் கரையும் சாயத்தைத் தொந்தரவு செய்யாமல் மேலே மூடிக்கொள்ளும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குச் செதில் போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, அவ்வப்போது குலுக்குங்கள். அடியில் மெழுகு கலங்கலாகத் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுத்து மெல்லிசாக இரண்டு கை பூசுங்கள். கோட்டுக்குக் கோட்டு ஒரு மணி நேரம் போதும். மெழுகோடு பூசினால் மேலே வரும் பெயிண்ட், அதிலும் பி.யு., ஒழுங்காகப் பிடிக்காது. அரக்கு காய்ந்தபின் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவு, அப்புறம் ஆயில் பிரைமர். சாயத்தைத் தடுக்கும் பிரைமர் என்று தயாராகவும் கிடைக்கிறது. அதை வாங்கினாலும் சரி.

அக்கா வீட்டுக் கதவுகளை மறுபடி மரம்வரை தேய்த்து, அரக்கு போட்டு, புதிதாக அடித்தேன். ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் ஒரு திட்டுகூட வரவில்லை. அத்தான் மட்டும் இன்றைக்கும் பால் காப்பி கொடுக்கும்போதெல்லாம் கேட்பார்.

எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது?

தை, மாசி, பங்குனி. நமக்கு இரண்டு மழை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் நனைக்கும், ஐப்பசி கார்த்திகையும் நனைக்கும். காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் பெயிண்ட் மேல்தோல் காய்ந்து உள்ளே இளகியே இருக்கும். விரல் நகத்தால் அழுத்தினால் பிறை பதியும். கதவை மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது "டப்" என்று பெயிண்டோடு பிய்ந்து வரும்.

காய்வது மட்டும் விஷயமில்லை. பழைய கதவுகள் நாலு சட்டமும் நடுவில் காடியில் (சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில்) செருகிய பலகையுமாக இருக்கும். அந்தப் பலகை ஒட்டப்பட்டதல்ல, சும்மா மிதந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து விரியும், வேனிலில் சுருங்கும். ஆனியில் பலகை விரிந்திருக்கும்போது பெயிண்ட் அடித்தீர்கள் என்றால், மாசியில் அது சுருங்கும்போது காடியிலிருந்து இரண்டு நூல் அகலத்துக்குப் பழைய கறுப்பு வெளியே எட்டிப் பார்க்கும், கண்ணுக்கு மை தீட்டினாற்போல. வேனிலில் சுருங்கியிருக்கும்போதே காடி ஓரம்வரை பிரஷ் நுனியை விட்டு அடித்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

கழுவாமல் நேரே உப்புத்தாள் போட்டால் என்ன?

எண்ணெயைத் தேய்த்து மரத்துக்குள்ளேயே அனுப்பிவிடுவீர்கள். அப்புறம் பெயிண்ட் அங்கே குழி விழுந்து விலகி நிற்கும். முதலில் கழுவு, அப்புறம் தேய். இதை மாற்றவே கூடாது.

பெயிண்ட்தான் என்று முடிவாகிவிட்டால், ஒரு லிட்டர் சுடுதண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி வாஷிங் சோடா. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கைப்பிடியைச் சுற்றியும் காடி ஓரத்திலும் தேயுங்கள். பத்து வருஷத்து மீன் பொரித்த எண்ணெய் அங்கேதான் குடியிருக்கும். சோடா மரத்தில் தங்கக்கூடாது என்பதால் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை துடைத்து, நிழலில் ஒரு முழு நாள் காய விடுங்கள். மரத்தை மரமாகவே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் மட்டும் சோடா வேண்டாம். துவர்ப்புள்ள மரம் சோடா போன்ற காரப்பொருள் பட்டால் இன்னும் கறுக்கும். அதற்குப் பாத்திர சோப்பே போதும்.

பழைய பாலிஷை முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டுமா?

வேண்டாம். உறுதியாகப் பிடித்திருக்கும் பாலிஷ் நல்ல அஸ்திவாரம்தான். அதன் மினுக்கு போகும்வரை 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220. நாரோட்டத்தின் வழியே தேயுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். உரிந்து நிற்கும் இடத்தை மட்டும் சுரண்டுங்கள். வெனீர் என்ற மெல்லிய மரத்தோல் ஒட்டிய பிளைவுட் என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம். வெனீர் தாள் கனம்தான். ஒரு நொடியில் அடிப்பலகை தெரிந்துவிடும்.

பாலிஷுக்குப் பதிலாகப் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2016 நவம்பரில் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், மஞ்சளிலும் சிவப்பிலும் அதிகமாகவே. உலர்ந்த தூளாகப் பறக்க விடாமல், தண்ணீரில் போடும் உப்புத்தாளால் நனைத்துத் தேயுங்கள். முகக்கவசம் வேண்டும். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. சோறு சமைக்கிற இடத்தில் தேய்க்கவும் கூடாது. கதவைக் கழற்றித் திண்ணைக்கோ கார் ஷெட்டுக்கோ கொண்டுபோங்கள்.

அடித்து முடித்தபின் கோடு கோடாக மரத்தின் நார் தெரிகிறதே?

தேக்கும் பலாவும் அயினியும் பெருந்துளை மரங்கள். கறுப்பாக இருக்கும்போது அந்தத் துளைகள் தெரியாது. வெள்ளை பட்டதும் ஒவ்வொன்றும் பென்சிலால் கீறினாற்போலத் தெரியும். சிலருக்கு அதுவே பிடிக்கும், மரம் என்று தெரியட்டுமே என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

கண்ணாடி போல வழுவழுப்பு வேண்டும் என்றால் பிரைமருக்கு மேல் பட்டி பார்க்க வேண்டும். மரத்துக்கான பட்டி. சுவருக்குப் பூசுகிற வெள்ளை சிமெண்டுப் பட்டி மீதம் இருக்கிறதே என்று அதை எடுத்து இழுத்தவர் ஒருவர் இருக்கிறார். மரம் அசையும், சிமெண்ட் அசையாது. அடுத்த வேனிலில் அப்பளமாக உதிர்ந்தது. மரப் பட்டியைத் தகட்டால் நாருக்குக் குறுக்கே அழுத்தி மெல்லிசாக இரண்டு தடவை இழுத்து, காய்ந்ததும் 220 போட்டு, அதன் மேல் இன்னொரு கை பிரைமர். பட்டிமேல் நேரே பெயிண்ட் அடித்தால் அந்த இடம் மட்டும் மங்கி நிற்கும்.

ஆயில் எனாமலா, வாட்டர் பேஸா, பி.யு.வா?

கடைக்காரர் கையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதைத்தான் நல்லது என்பார்.

ஆயில் எனாமல் தன்னால் பரவி பிரஷ் தடம் தெரியாமல் நிற்கும், அடி தாங்கும், விலை குறைவு. குறை என்னவென்றால் வெள்ளை நாளாவட்டத்தில் மஞ்சளிக்கும், அதுவும் வெளிச்சம் படாத இடத்தில் சீக்கிரம். கதவின் வெளிப்பக்கம் வெள்ளையாகவும் உள்பக்கம் நெய் நிறமாகவும் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரணம் இதுதான். எனவே ஆயில் எனாமல் என்றால் சுத்த வெள்ளை எடுக்காதீர்கள், முதலிலேயே க்ரீமோ சந்தன நிறமோ எடுத்துவிடுங்கள். மஞ்சளித்தாலும் யாருக்கும் தெரியாது.

வாட்டர் பேஸ் எனாமல் அவ்வளவாக மஞ்சளிக்காது, வாடை குறைவு, சீக்கிரம் காயும். அடியில் அரக்கும் ஆயில் பிரைமரும் இருந்தால் பலாவின் மேல்கூடத் தைரியமாக அடிக்கலாம். ஆயில் பிரைமர் நன்றாகக் காய்ந்து, லேசாகத் தேய்த்திருக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

இரண்டு பாகம் கலந்து ஸ்ப்ரே அடிக்கிற பி.யு. மூன்றிலும் உறுதியானது. ஆனால் அதன் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அந்த ஸ்ப்ரே ஆவி மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை வந்தவருக்கு அப்புறம் கொஞ்சம் பட்டாலும் இழுக்கும். வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. பட்டறைக்குக் கதவை அனுப்பி, தகுந்த முகமூடி போட்டு வேலை செய்பவரிடம் கொடுங்கள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிற பையனைக் கண்டால் அவனுக்காகவாவது வேறு கடை பாருங்கள்.

மினுக்கைப் பற்றியும் கேட்பார்கள். முழு மினுக்கு எல்லாப் பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும், மினுக்கே இல்லாத மேட், மஞ்சள்பொடிக் கறையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற சாட்டின் எடுங்கள்.

கதவைக் கழற்றாமல் அப்படியே அடிக்கலாமா?

அடிக்கலாம், கீலும் சேர்ந்து வெள்ளையாகும். கழற்றுங்கள். கழற்றும்போது கீல் பதியும் குழிக்குள் எண் எழுதி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பழைய ஆசாரி வேலையில் ஒரு கதவு மாதிரி இன்னொன்று இருக்காது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இடம் மாறினால் மூடாது. திருகுகளை எண் போட்ட தீப்பெட்டிகளில் போட்டு வைக்கிறேன் நான். கைப்பிடியை மாற்றுவதாக இருந்தால் பழைய ஓட்டையை இப்போதே அடைத்துவிடுங்கள், அடித்து முடித்தபின் இல்லை.

எவ்வளவு பெயிண்ட், எத்தனை நாள்?

ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்குத் தோராயமாக 100 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். டின்னில் போட்டிருப்பதையும் பாருங்கள். இரண்டு அடிக்கு ஒன்றரை அடியில் 14 கதவு என்றால் ஒன்று 3 சதுர அடி, இரண்டு பக்கமும் 6, மொத்தம் 84. டிராயர் முகப்பும் சட்டமும் ஒரு 30. ஆகமொத்தம் 114, இரண்டு கோட்டுக்கு 228. இரண்டரை லிட்டர் வாங்கினால் தட்டுமுட்டுக்கும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதைச் சின்னப் பாட்டிலில் வாய்வரை நிரப்பி வையுங்கள். பாத்திரம் பட்டுச் சிராய்க்கும்போது தேடுவீர்கள்.

நாள் என்றால் எட்டிலிருந்து பத்து. கழுவ ஒன்று, காய ஒன்று, தேய்க்கவும் பட்டிக்கும் இரண்டு, அரக்குக்கும் பிரைமருக்கும் ஒன்று, மீதியெல்லாம் ஒரு பக்கம் அடித்து, காய்ந்து, புரட்டி, மறுபக்கம் அடிப்பதில் போய்விடும். "ரெண்டே நாளுல முடிச்சுத் தாறேன்" என்பவர் கழுவப் போவதில்லை என்று அர்த்தம். மாட்டியபின்னும் ஒரு இரண்டு மூன்று வாரம் பெயிண்ட் பச்சைப்பிள்ளைதான். ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள்.

சட்டத்தை உள்ளேயே அடிக்கும் நாட்களில் கேஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள். தின்னர் ஆவிக்குத் தீக்குச்சி வேண்டாம், ஃபிரிட்ஜ் போட்டு அணைகிற பொறி போதும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றும். விரித்துக் கொடியில் போடுங்கள்.

எந்த வெள்ளை?

தரையைப் பாருங்கள். நம் பக்கப் பழைய வீடுகளில் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. வெயில் தரையில் பட்டுத் தெறிக்கும்போது கீழ்க்கதவுகளில் ஒரு செம்மை ஏறும். கடையில் நீலம் கலந்த வெள்ளையைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து இங்கே மாட்டினால், காலையில் ரோஸ் நிறம், டியூப்லைட்டில் ஆஸ்பத்திரி. சிவப்புத் தரைக்கு மஞ்சள் சாயல் கொண்ட க்ரீம், அல்லது மிக வெளிறிய பச்சை. வெள்ளை டைல்ஸ் தரையும் கறுப்பு கிரானைட் மேடையும் என்றால் வெளிர் சாம்பலும் ஒத்துப்போகும். ஒரு அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலையும் ராத்திரியும் கதவில் சாய்த்துவைத்துப் பாருங்கள். நிறப் புத்தகத்தின் கட்டை விரல் அளவுச் சதுரத்தை நம்பி இறங்காதீர்கள்.

எங்கள் கதவு மரம் இல்லை, மைக்கா ஒட்டியது. இதே முறைதானா?

இல்லை. மைக்கா என்கிற லேமினேட் தகட்டில் எதுவும் எளிதில் பிடிக்காது. அதற்கென்று உள்ள ஒட்டும் பிரைமர் போட்டால் நிற்கும், ஆனாலும் பாத்திரம் இடித்தால் செதிலாக வரும். மைக்காவை மாற்றி ஒட்டுவதே மிச்சம். எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால் ஓரங்கள் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும்; ஓரத்தை முதலில் அரக்கால் அடையுங்கள், தண்ணீர் பட விடாதீர்கள். கேரளப் பக்கத்து வீடுகளில் ஃபெர்ரோ சிமெண்டில் (கம்பி வலை வைத்த சிமெண்டில்) தட்டு வார்த்து, முகப்புக்கு மட்டும் மரக்கதவு மாட்டியிருப்பார்கள். சிமெண்டுக்குச் சிமெண்ட் பிரைமர், மரத்துக்கு மேலே சொன்னது.

அலமாரியின் உள்பக்கமும் அடிக்க வேண்டுமா?

கதவின் உள்பக்கம், ஆமாம். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். தட்டுகளையும் உட்சுவரையும் விட்டுவிடுங்கள். அரிசியும் பருப்பும் பெயிண்ட் வாடையை வாங்கிக்கொள்ளும். எவர்சில்வர் டப்பா இழுத்து இழுத்துத் தட்டில் கோடு விழும். நன்றாகக் கழுவி, காயவைத்து, மெல்லிசாக அரக்கு ஒரு கை போதும்.

மஞ்சள்பொடிக் கறை பட்டுவிட்டது. என்ன செய்வது?

உடனே பாத்திர சோப்பில் துடையுங்கள். போகாமல் நின்றால் பயப்படாதீர்கள், மஞ்சள் சாயம் வெயிலுக்கு நிற்காது. கதவைத் திறந்து வெயில் படும்படி வையுங்கள், அல்லது கழற்றி முற்றத்தில் சாய்த்து வையுங்கள், வெளுத்துவிடும். பச்சை நார் வைத்துத் தேய்த்தால் கறை போகும், மினுக்கும் சேர்ந்து போகும்.

பிடிக்கவில்லை என்றால் பழையபடி மரமாக்க முடியுமா?

முடியும், ஆனால் முழுதாக முடியாது. ரிமூவர் போட்டுச் சுரண்டினாலும் துளைகளுக்குள் போன வெள்ளை அங்கேயே நிற்கும், கோலப்பொடி தூவினாற்போல. அதனால்தான் எல்லாரிடமும் ஒன்று சொல்வேன்: ஒரே ஒரு கதவை, அதிகம் கண்ணில் படாத ஒன்றை, முழுதாக முடித்து மாட்டி, ஒரு மாதம் அதோடு வாழ்ந்து பாருங்கள். மீதிப் பதின்மூன்று கதவும் எங்கேயும் ஓடிவிடாது.

உங்கள் வீட்டு அடுக்களை என்ன நிறம்?

மேல்கதவுகள் க்ரீம். கீழ்க்கதவுகள் என் அப்பா அயினியில் செய்தவை, மரமாகவே இருக்கின்றன, நன்றாகக் கறுத்துவிட்டன. என் மனைவி வருஷா வருஷம் தை பிறந்தால் "இதையும் அடிச்சிரலாமே" என்பாள். பிரஷ்ஷை எடுத்து, கழுவி, காயவைத்து, திரும்ப வைத்துவிடுகிறேன்.